நம் கடற்கரையில் மறைந்த ராபின்ஸ்

செங்கல்பட்டில் சுழற்பந்து போட்ட நண்பர்களே, மாமல்லபுரம் மணலில் கால்பந்தை வளைச்சு உதைத்தவர்களே! அந்த வளைவை முதலில் ஆராய்ந்தவர்களில் ஒருவர் பெஞ்சமின் ராபின்ஸ். 1707-இல் இங்கிலாந்தின் பாத் நகரில் பிறந்தவர். சுழலும் குண்டைக் காற்று பக்கவாட்டில் தள்ளுகிறது என்றார். கணித மேதை ஆய்லர் ஏற்கவில்லை. குண்டின் உருவக் கோளாறுதான் காரணம் என்றார்.

ராபின்ஸ் சும்மா இருக்கலே. துப்பாக்கிக் குழலின் முனையை இடப்பக்கம் வளைத்துச் சுட்டார். இடப்பக்கம் கிளம்பிய குண்டு, குழலில் உருண்டு பெற்ற சுழற்சியால் வலப்பக்கம் திரும்பியது!

1750-இல் கம்பெனிக் கோட்டைகளைப் பலப்படுத்த இங்கே வந்தார். 29.7.1751 அன்று, மாமல்லபுரத்துக்குத் தெற்கே கடலூர் புனித டேவிட் கோட்டையில் காய்ச்சலால் காலமானார். நூறாண்டு கழித்துச் சோதித்த மாக்னஸின் பெயரே அந்த விளைவுக்கு நிலைத்துவிட்டது.

தம்பி தங்கைகளே, அடுத்த தடவை பந்து வளையும்போது ராபின்ஸையும் நினைச்சுக்குங்க.