சினிமாவுக்குப் போன புதுமைப்பித்தன்

புதுமைப்பித்தன் பிறந்தது திருப்பாதிரிப்புலியூர் (1906). வளர்ந்தது நம்ம திருநெல்வேலி. இங்கே இந்துக் கல்லூரியில்தான் பி.ஏ. படிச்சார். சிறுகதை எழுதினது எல்லாருக்கும் தெரியும். சினிமாவுக்கு எழுதினது எனக்கு இப்போதான் தெரிஞ்சுது!

பத்திரிகை வேலையை விட்டபிறகு ஜெமினியின் ‘அவ்வையார்’ படத்துக்கு எழுதினார். அப்புறம் பர்வதகுமாரி புரொடக்‌ஷன்ஸ்னு சொந்தக் கம்பெனி. பர்வதம் அவர் அம்மா பேரு, சின்ன வயசிலேயே இறந்துட்டாங்க. ‘வசந்தவல்லி’ எடுக்க நினைச்சார், முடியலை. கைக்காசுதான் போச்சு.

பாகவதரின் ‘ராஜமுக்தி’க்கு வசனம் எழுத புனே போனார். அங்கே காசநோய் முற்றிவிட்டது. 30.6.1948-ல் திருவனந்தபுரத்தில் மனைவி கமலாவின் ஊரிலேயே இறந்தார். வயசு 42தான். எனக்கு மனசே ஆறலை. ‘ராஜமுக்தி’ அந்த அக்டோபரில்தான் வந்தது. தன் வசனத்தைத் தியேட்டரில் உட்கார்ந்து கேட்க அவர் இல்லை.