கைதட்டலுக்குப் பின்னும் திருத்தியவர்

1957 ஆகஸ்ட் 31ஆம் தேதி மலாயா சுதந்திரம் பெற்றதை அறியாத மாணவர் இல்லை. அதற்குச் சரியாக இருபது நாள் கழித்து, செப்டம்பர் 20ஆம் தேதி, வட ஐரோப்பாவில் உள்ள பின்லாந்தில் 91 வயது முதியவர் ஒருவர் தம் வீட்டில் காலமானார். அதே நாளில் தலைநகர் ஹெல்சிங்கியில் இங்கிலாந்தைச் சேர்ந்த மால்கம் சார்ஜெண்ட் ஓர் இசை நிகழ்ச்சியை நடத்தினார். அதில் இடம்பெற்றது அந்த முதியவர் எழுதிய ஐந்தாவது சிம்பொனி. அந்த முதியவர்தான் ஜான் சிபேலியஸ்.

சிம்பொனி என்ற சொல் நமக்குப் புதிதல்ல. 2025 மார்ச்சில் இளையராஜா லண்டனில் தம் சிம்பொனியை அரங்கேற்றியபோது நம் வீடுகளிலும் அந்தப் பேச்சு அடிபட்டது. பல கருவிகள் சேர்ந்து, பல பகுதிகளாக வாசிக்கும் நீண்ட இசைப்படைப்பு அது. அதை நடத்துபவர் எந்தக் கருவியையும் வாசிப்பதில்லை. யார் எப்போது தொடங்க வேண்டும், எவ்வளவு வேகம், எவ்வளவு ஒலி என்பதையெல்லாம் கையசைவால் உணர்த்துவதே அவர் வேலை. சிபேலியஸ் எழுதியதோடு நிற்கவில்லை; தம் படைப்புகளை அவரே மேடையேறி நடத்தினார்.

அவர் 1865 டிசம்பர் 8ஆம் தேதி ஹாமீன்லின்னா என்ற சிறுநகரில் பிறந்தார். அப்போது பின்லாந்து ரஷ்யப் பேரரசின் கீழ் இருந்தது. மருத்துவரான தந்தை, மகனுக்கு இரண்டு வயதானபோது கடனை விட்டுவிட்டு இறந்தார். வீட்டில் பேசியது சுவீடிஷ் மொழி. பள்ளியில் படித்தது பின்னிஷ் மொழி. வீட்டில் ஒரு மொழியும் இடைநிலைப்பள்ளியில் வேறு மொழியுமாக வளர்ந்த நமக்கு இந்த நிலைமையை விளக்க வேண்டியதில்லை.

வயலின் மேதையாக வேண்டும் என்பதே அவருடைய கனவு. 1885இல் ஹெல்சிங்கியில் சட்டம் படிக்கச் சேர்ந்தவர், அதை விட்டு இசைக்கு மாறினார். பெர்லினிலும் வியன்னாவிலும் மேற்படிப்பு. 1891இல் வியன்னாவின் புகழ்பெற்ற இசைக்குழுவில் வயலின் கலைஞராகச் சேர முயன்றார், தேர்வாகவில்லை. ஆனால் அதே வியன்னாவில் இருந்தபோதுதான் பின்லாந்தின் காவியமான கலேவலாவை வைத்து இசை எழுதத் தொடங்கினார். 1892இல் அரங்கேறிய அந்தப் படைப்பு அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது. 1899இல் அவர் எழுதிய இசையிலிருந்து உருவான பின்லாந்தியா, ரஷ்ய ஆட்சியை எதிர்த்த மக்களின் குரலாகவே மாறியது.

1904இல் மனைவி ஐனோவுடனும் மகள்களுடனும் டூசுலா ஏரிக்கு அருகில் காட்டையொட்டிய வீட்டில் குடியேறினார். மனைவியின் பெயரால் அந்த வீடு ஐனோலா எனப்பட்டது. அவர் உயிரோடு இருந்தவரை அங்கே தண்ணீர்க் குழாய் கிடையாது. குழாயில் நீர் ஓடும் சத்தம்கூட அவருடைய வேலைக்கு இடைஞ்சலாம்!

1914இல் முதல் உலகப் போர் வெடித்தது. ஜெர்மனியில் இருந்த பதிப்பகத்தோடு தொடர்பு அறுந்து, வருமானம் குறைந்தது. குடும்பத்தைக் காப்பாற்ற சிறுசிறு பியானோ இசைகளை எழுதி விற்றார். அதற்கிடையே ஐந்தாவது சிம்பொனியும் வளர்ந்தது. 1915 ஏப்ரல் 21ஆம் தேதி பதினாறு அன்னங்கள் தம் தலைக்கு மேல் வட்டமிட்டுப் பறந்து செல்வதைக் கண்டார். வாழ்வின் மிகப் பெரிய அனுபவங்களில் ஒன்றாக அதை நாட்குறிப்பில் எழுதினார். சிம்பொனியின் கடைசிப் பகுதியில் கொம்புக் கருவிகள் ஊஞ்சலாடுவதுபோல் வாசிக்கும் இசைக்கும் அந்த அன்னங்களுக்கும் தொடர்பு உண்டு.

1915 டிசம்பர் 8, அவருடைய ஐம்பதாவது பிறந்தநாள். நாடே கொண்டாடியது. ஹெல்சிங்கியில் அவரே அந்தச் சிம்பொனியை நடத்தினார். அரங்கம் கைதட்டியது. வேறொருவராக இருந்தால் அத்தோடு அடுத்த வேலையைப் பார்த்திருப்பார். சிபேலியஸோ தாள்களை மறுபடியும் பிரித்தார். 1916இல் ஒரு முறை திருத்தினார். அப்போதும் நிறைவு வரவில்லை. 1917இல் பின்லாந்து விடுதலை அடைந்தது. மறு ஆண்டே உள்நாட்டுப் போர் மூண்டு, ஆயுதம் ஏந்தியவர்கள் அவர் வீட்டையும் சோதனையிட்டனர். அத்தனைக்குப் பிறகு, 1919 நவம்பர் 24ஆம் தேதி இறுதி வடிவத்தை அவரே நடத்தினார்.

அந்த நான்கு ஆண்டுகளில் என்ன மாறியது? நான்கு பகுதிகள் மூன்றாயின. முடிவில் ஆறு முழக்கங்கள், ஒவ்வொன்றுக்கும் நடுவே இடைவெளி. முதல் வடிவத்தில் அந்த இடைவெளிகளிலும் வயலின் போன்ற நரம்புக் கருவிகள் ஒலித்தன. இறுதி வடிவத்தில் அதையும் எடுத்துவிட்டார். மிஞ்சியது வெறும் நிசப்தம். நடத்துநருக்கு இதுதான் சோதனை. இசைக்குழு முழுவதும் அசையாமல் அவருடைய கையையே பார்த்துக் காத்திருக்கும்.

இந்தக் குணத்துக்கு அவர் விலையும் கொடுத்தார். 1926க்குப் பிறகு ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் பெரிய படைப்பு எதையும் அவர் வெளியிடவில்லை. நெடுநாள் உழைத்த எட்டாவது சிம்பொனியை 1940களில் தம் வீட்டு அடுப்பிலேயே எரித்துவிட்டார். திருத்துவது நல்லதுதான், எங்கே நிறுத்துவது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். 1986இல் வெளியான பின்லாந்தின் 100 மார்க் நோட்டில் ஒரு பக்கம் அவருடைய முகம், மறுபக்கம் பறக்கும் அன்னங்கள்.

இதை ஈப்போவில் இருந்து எழுதுகிறேன். சுற்றிலும் சுண்ணாம்புக்கல் மலைகள். நம் முன்னோர் பால் வெட்டிய தோட்டங்கள் பலவற்றில் இன்று செம்பனையும் வீடமைப்புப் பகுதிகளும் நிற்கின்றன. நம் பேராக்கின் கோலா குலா சதுப்புநிலத்துக்கு ஆண்டுதோறும் வடக்கிலிருந்து பறவைகள் வருகின்றன. நம்மில் எத்தனை பேர் அவற்றை நிமிர்ந்து பார்த்து, தேதி போட்டு எழுதி வைத்திருக்கிறோம்? ஆசிரியர் புள்ளி போட்டுத் திருப்பித் தந்த கட்டுரையை எத்தனை பேர் மறுபடி திறந்திருக்கிறோம்?

ஐந்தாவது சிம்பொனி அரை மணி நேரம்தான். ஒரு நாள் கைத்தொலைபேசியை ஓரமாக வைத்துவிட்டுக் கேட்டுப் பாருங்கள். முடிவுக்கு வந்ததும் முழக்கங்களை எண்ணுங்கள். ஆறு முடியும்வரை கைதட்டிவிடாதீர்கள்.