களத்தின் புறத்தே நின்ற ஆசிரியர்: சையது அப்துல் ரகீம்

ஆசிரியர் எனும் சொல்லைக் கேட்டவுடன் ஏடும் கரும்பலகையும் நினைவுக்கு வருதல் இயல்பு. புல்தரையும் தோல்பந்தும் நினைவுக்கு வருவதில்லை. ஆயினும் இந்தியக் கால்பந்தின் வரலாற்றைப் புரட்டுவோர், அதன் பொற்காலம் என எண்ணத்தக்க பன்னிரண்டு ஆண்டுகளின் நடுவே ஒரு பள்ளி ஆசிரியர் நிற்பதைக் காண்பர். அவரே ஐதராபாத்து சையது அப்துல் ரகீம். ஆட்டக்காரர்கள் நாவில் அவர் ரகீம் சாகிப்.

நிசாம் ஆட்சியின்கீழ் இருந்த ஐதராபாத்தில் 1909 ஆகத்து 17-இல் பிறந்த ரகீம், உசுமானியாப் பல்கலைக்கழகத்தில் கலைப்பட்டம் பெற்றார். கல்லூரி அணியிலும் பின்னர்க் கமர் குழுவிலும் பந்தாடினார். எனினும் ஆட்டக்காரராக அவர் பெரும்புகழ் ஈட்டினார் என்று சொல்வதற்கில்லை. வயிற்றுப்பாட்டுக்கு அவர் கொண்ட தொழில் ஆசிரியப்பணி. காச்சிகுடா நடுநிலைப்பள்ளி, உருது சரீப் பள்ளி, தாருல் உலூம் உயர்நிலைப்பள்ளி, சாதர்காட் உயர்நிலைப்பள்ளி எனப் பள்ளிதோறும் மாறிப் பணிபுரிந்தவர், இடையே உடற்கல்வியிலும் பட்டயம் பெற்றார். 1943-இல் ஐதராபாத்துக் கால்பந்துக் கழகத்தின் செயலாளர் ஆனார். இறக்குங்காறும் அப்பொறுப்பு அவரிடமே இருந்தது.

செயலாளர் நாற்காலியில் அமர்ந்து கோப்பு பார்த்தவரல்லர் அவர். சிறுவர்க்கென அவர் நடத்திய போட்டிகள் விந்தையானவை. ஒரு போட்டியில் எவரும் பந்தைத் தாமே உருட்டிக்கொண்டு எதிரியை ஏய்த்துச் செல்லலாகாது. கிடைத்தவுடன் தோழனுக்குத் தள்ளிவிட வேண்டும். இன்னொன்றில் வலுவிலாக் காலால் மட்டுமே உதைக்க வேண்டும். வலக்கால் பழகியவன் இடக்காலை நம்பியே ஆடித் தீர வேண்டும். கவிஞர்க்கு இதனை விளக்கவும் வேண்டுமோ? இதழ் ஒட்டாத எழுத்துகளாலேயே பாடும் நிரோட்டகத்தைப் பயின்றவன் கை, தடை நீங்கியபின் எத்துணை எளிதாக ஓடும் என்பதை யாப்பறிந்தோர் அறிவர். ரகீம் கண்ட நெறியும் அத்தகையதே. விலக்கு ஒன்றை விதித்து, அதன்வழி விரைவை வளர்த்தார்.

அந்நெறியின் பயன் ஐதராபாத்து நகரக் காவல்துறை அணியில் வெளிப்பட்டது. அவர் பயிற்சியில் அவ்வணி 1950 முதல் 1954 வரை ஐந்தாண்டு இடையறாது பம்பாயின் ரோவர்சுக் கோப்பையை வென்றது. டூரண்டுக் கோப்பையும் அதன்கை பலமுறை சேர்ந்தது. கால்பந்து என்றால் கல்கத்தா என்றிருந்த நிலையை, தக்காணத்துக் காவலர்கள் சிலர் அசைத்துக் காட்டினர். 1956, 1957 ஆகிய ஆண்டுகளில் மாநிலங்களுக்கிடையேயான சந்தோசுக் கோப்பையும் ஐதராபாத்துக்கு வந்தது.

நாட்டணியின் பொறுப்பும் 1950-இல் அவரிடம் வந்து சேர்ந்தது. 1951-இல் புதுதில்லியில் நடந்த முதலாவது ஆசிய விளையாட்டில், மேவாலால் அடித்த ஒரே கோலால் ஈரானை வென்று இந்தியா தங்கம் பெற்றது. அடுத்த ஆண்டே பேரிடி. எல்சிங்கி ஒலிம்பிக்கில் யூகோசுலாவியா பத்துக்கு ஒன்று என்னும் கணக்கில் இந்தியாவை வீழ்த்தியது. வடபுலத்துக் குளிரில் நம்மவர் பலர் வெறுங்காலோடு ஆடினர். காலணி கட்டாயம் என்னும் விதி அதன் பின்னரே வந்தது. தோல்வியின் பழியில் பயிற்சியாளர்க்கும் பங்குண்டு. அதனை மறைப்பது வரலாறாகாது. ஆனால் ரகீம் அங்கிருந்து வெறுங்கையோடு திரும்பவில்லை. அவ்வொலிம்பிக்கில் தங்கம் வென்ற அங்கேரியர், நடுமுன்னணி ஆட்டக்காரரைச் சற்றே பின்னிறக்கிப் படையின் முன்வரிசையையும் பின்வரிசையையும் பிணைத்தனர். பட்டில் உடலும் கரையும் வேறுவேறு நாடாவால் ஓடினும் கோர்வையில் கூடுவது போன்றதே அப்பிணைப்பு. அது நழுவினால் புடைவையே இரண்டாகும். பழகிய அமைப்பை விட்டு இப்புதுமுறையைத் தம் அணிக்குப் பொருந்துமாறு ரகீம் மாற்றிக்கொண்டார்.

மெல்போர்ன் ஒலிம்பிக், 1956. அங்கேரி விலகியதால் முதற்சுற்று ஆடாமலே கடந்தது. அடுத்து ஆத்திரேலியாவை நாலுக்கு இரண்டாக இந்தியா வென்றது. நெவில் டிசோசா மூன்று கோல் அடித்தார்; ஒலிம்பிக் கால்பந்தில் அதனைச் செய்த முதல் ஆசியர் அவரே. அரையிறுதியில் பழைய யூகோசுலாவியாவே எதிரில் நின்றது. முதற்கோல் இந்தியாவுடையது. பின்னர் எதிரணி நான்கு அடித்து வென்றது. பல்கேரியாவிடமும் தோற்று நான்காம் இடம். நான்காண்டுக்கு முன் பத்து கோல் வாங்கியவர்க்கு இந்நான்காம் இடத்தின் அருமை தெரியும்.

அவ்வணியில் இருந்த தமிழர் இருவரைச் சுட்டாமல் செல்லலாகாது. ஒருவர் சிக்கந்தராபாத்தின் அம்முகுடாவில் தமிழ் பேசும் குடும்பத்தில் பிறந்த துளசிதாசு பலராமன். மற்றவர் ஐதராபாத்தில் பிறந்து, நீலகிரி வெலிங்டனின் சென்னைப் படைப்பிரிவில் பந்துகாத்துப் பெயர்பெற்ற பீட்டர் தங்கராசு. 1960 உரோமை ஒலிம்பிக்கில் அங்கேரிக்கும் பெருவுக்கும் எதிராகக் கோல் அடித்தவர் பலராமன். பிரான்சுடன் ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று எனச் சமனானது. அந்த உரோமை அணியில் ரகீமின் மகன் சையது சாகித் அக்கீமும் இடம்பெற்றிருந்தார். ஆனால் ஓர் ஆட்டத்திலும் அவர் களமிறங்கவில்லை. தந்தையே பயிற்சியாளராக இருந்தும் மகன் பலகையிலேயே அமர்ந்து ஊர் திரும்பினார்.

இனிச் சகார்த்தா. 1962 ஆசிய விளையாட்டுக்கு அணி புறப்பட்ட காலத்தில் புற்றுநோய் ரகீமை அரித்துக்கொண்டிருந்தது. முதல் ஆட்டத்தில் தென்கொரியாவிடம் இரண்டு கோல் தோல்வி. பின்னர்த் தாய்லாந்தையும் சப்பானையும் வென்றாலும், தாய்லாந்து ஆட்டத்தில் தடுப்பாளர் சர்னைல் சிங்குக்குத் தலை பிளந்தது. தங்கராசு காய்ச்சலில் படுத்தார். களத்துக்கு வெளியே வேறு புயல்: இசுரேலையும் தைவானையும் விலக்கியதை இந்திய அலுவலர் சோந்தி கண்டித்தமையால், இந்தோனேசிய மக்கள் இந்தியர் மீது சினங்கொண்டிருந்தனர்.

காயம்பட்டவரை ஓய்வெடுக்க விடுவதா, ஆடவிடுவதா? ரகீம் மூன்றாவது வழி ஒன்று கண்டார். தலையில் தையலோடிருந்த தடுப்பாளரை முன்னணியில் நிறுத்தினார். துணிவா பித்தா என்று முன்கூட்டி எவரும் சொல்லியிருக்க இயலாது. அரையிறுதியில் தென்வியத்னாமுக்கு எதிராகச் சர்னைல் கோல் அடித்தார். ஆட்டம் மூன்றுக்கு இரண்டில் இந்தியாவுக்கு வந்தது.

இறுதி ஆட்டத்துக்கு முந்திய இரவில் ரகீம் ஆட்டக்காரர்களைக் கூட்டி, அப்பொற்பதக்கத்தைத் தமக்குப் பரிசாகத் தருமாறு கேட்டதாக அவர்களே பின்னாளில் நினைவுகூர்ந்துள்ளனர். வகுப்பில் அதட்டிப் பழகிய ஆசிரியர் மாணாக்கரிடம் இரந்து நின்ற இரவு அது. செப்டம்பர் 4 அன்று பெருங்கூட்டத்தின் கூச்சலுக்கிடையே தங்கராசு மீண்டும் பந்துகாக்க வந்தார். முதலில் பி.கே. பானர்சி, சில நிமிடங்களில் சர்னைல் சிங். கொரியர் ஒன்றைத் திருப்பியது ஆட்டம் முடியும் தறுவாயில். இரண்டுக்கு ஒன்று, சுனி கோசுவாமி தலைமையில் தங்கம்.

ஒன்பது திங்கள் கழிந்து, 1963 சூன் 11-இல், தம் ஐம்பத்து மூன்றாம் அகவையில் ரகீம் மறைந்தார். அவர் வளர்த்த அணியினர் பலரோடு 1964-இல் ஆரி ரைட் என்னும் ஆங்கிலேயர் பயிற்சியில் இந்தியா ஆசியக் கோப்பையில் இரண்டாம் இடம் பெற்றது. ஆசிய விளையாட்டுக் கால்பந்துத் தங்கம் அதன்பின் இந்நாட்டுக்கு வரவில்லை.

பயிற்சியாளர்க்குரிய துரோணாச்சாரியர் விருதை அரசு ஏற்படுத்தியது 1985-இல். ரகீம் மறைந்து இருபத்திரண்டு ஆண்டுக்குப் பின். 2024-இல் அவர் கதை இந்தித் திரைப்படமாக வந்தபோதே பலர் அப்பெயரை முதன்முதல் கேட்டனர். உரோமையில் பலகையில் அமர்ந்திருந்த மகன் அக்கீம் பின்னர்ப் பன்னாட்டு நடுவராகி, 2017-இல் தியான்சந்து விருது பெற்று, 2021-இல் மறைந்தார். கால்பந்துக்காகத் துரோணாச்சாரியர் விருது 1990-இல் சையது நயீமுதீனுக்கு வழங்கப்பெற்றது. அவர் இளமையில் ஆடியது ஐதராபாத்து நகரக் காவல்துறை அணியில்.