சப்ளினின் சிரிப்புக்குப் பின்னால் ஒரு தாய்

கறுப்பு வெள்ளைத் திரைப்படங்கள் என்றதும் அவை பாட்டன் பாட்டி காலத்துச் சமாச்சாரம் என்று எம்மில் பலர் ஒதுக்கிவிடுகிறோம். நிறம் இல்லை, வேகம் இல்லை, சிலவற்றில் பேச்சுக்கூட இல்லை. ஆயினும் சின்னத் தொப்பி, ஒட்டு மீசை, கைத்தடி, அளவுக்கு மீறிய சப்பாத்து ஆகியவற்றோடு ஆடி ஆடி நடந்து வரும் அந்த மனிதரைத் தெரியாதவர்கள் இல்லை. அவர்தான் சார்ளி சப்ளின். உலகத்தையே சிரிக்க வைத்த அவரது வாழ்க்கை கண்ணீரில்தான் தொடங்கியது.

சப்ளின் 1889ஆம் ஆண்டு ஏப்ரல் 16ஆம் திகதி பிறந்து இலண்டனின் ஏழைப் பகுதியொன்றில் வளர்ந்தார். தந்தை, தாய் இருவரும் மேடைப் பாடகர்கள். தந்தை குடிக்கு அடிமையாகிக் குடும்பத்தைக் கைவிட்டார். தாய் ஹன்னாவின் குரல் கெட்டுப் போனதால் அவருக்கு மேடை வாய்ப்பு இல்லாமற் போயிற்று. சார்ளியையும் அவரது தாய்வழி அண்ணன் சிட்னியையும் காப்பாற்ற அவர் துணி தைத்தார். தவணைப் பணம் கட்ட முடியாதபோது அந்தத் தையல் இயந்திரமும் பறிபோனது.

அந்த வறுமையிலும் ஹன்னா தம் பிள்ளைகளுக்கு ஒரு செல்வத்தைக் கொடுத்தார். யன்னலோரம் அமர்ந்து, வீதியில் போவோரின் நடையையும் முகத்தையும் பார்த்து, அவர்கள் எங்கிருந்து வருகிறார்கள், வீட்டில் என்ன நடந்திருக்கும் என்று நடித்துக் காட்டுவார். மனிதர்களை உற்றுப் பார்க்கும் பாடத்தைச் சப்ளின் முதலில் கற்றது அந்த யன்னலடியில்தான்.

சார்ளிக்கு ஏழு வயதானபோது மூவரும் ஆதரவற்ற ஏழைகளுக்கான அரச இல்லத்தில் சேர வேண்டியதாயிற்று. அங்கே தாயையும் பிள்ளைகளையும் ஒன்றாக வைத்திருக்க மாட்டார்கள். பிள்ளைகளைக் காணாமல் தவித்த ஹன்னா ஒரு நாள் இல்லத்திலிருந்து விலகிக் கொள்வதாக அறிவித்து, அவர்களை வெளியே அழைத்து வந்தார். சிட்னியிடம் சில்லறைக் காசு கொஞ்சம் இருந்தது. அதில் செரிப் பழங்கள் வாங்கிப் பூங்காவில் அமர்ந்து மூவரும் உண்டார்கள். பழைய பத்திரிகைத் தாளை உருட்டி, நூலால் கட்டி, பந்து விளையாடினார்கள். மாலையானதும் அதே இல்லத்தின் வாசலுக்குத் திரும்பிப் போனார்கள். அன்று ஒரு நாள் மட்டும் தம் பிள்ளைகளோடு இருப்பதற்காகவே அந்தத் தாய் இத்தனையும் செய்தார்.

1903இல் துன்பம் முற்றியது. ஹன்னா அயலவரின் கதவுகளைத் தட்டி, பிள்ளைகளுக்குப் பிறந்தநாள் பரிசு என்று நிலக்கரித் துண்டுகளைக் கொடுக்கத் தொடங்கினார். பசியும் கவலையும் அவரது மனநிலையைப் பாதித்திருந்தன. தந்தை ஏற்கனவே இறந்துவிட்டார். சிட்னி கப்பல் வேலையில் தூர தேசத்தில் இருந்தார். பதினான்கு வயதுச் சார்ளியே தாயின் கையைப் பிடித்து வைத்தியசாலைக்கு நடத்திச் சென்றார். பிறகு தனியாகவே நாட்களைக் கழித்தார்.

அதே ஆண்டில் அவருக்கு நாடகக் கம்பனியொன்றில் வேடம் கிடைத்தது. ஒழுங்காகப் பாடசாலை செல்லாததால் அவருக்கு வாசிப்பதே சிரமம். சிட்னி வாசித்துக் காட்ட, முழு வசனத்தையும் சில நாட்களில் மனனம் செய்து முடித்தார். பின்னர் நகைச்சுவைக் குழுவொன்றுடன் 1910இல் அமெரிக்கா சென்றார். அங்கே திரைப்பட நிறுவனமொன்று அவரை அழைத்தது.

1914இல் புது வேடமொன்று தேவைப்பட்டபோது, தொளதொளத்த காற்சட்டை, இறுக்கமான மேலங்கி, சிறிய தொப்பி, பெரிய சப்பாத்து என்று ஒன்றுக்கொன்று பொருந்தாதவற்றை அணிந்து கொண்டார். வயது கூடியவராகத் தெரிவதற்கு மீசை ஒட்டினார். கந்தலிலும் கனவான் போல நடக்கும் அந்த நாடோடி பிறந்தது அப்படித்தான். இரண்டே ஆண்டுகளில், ஆண்டுக்கு 670,000 டொலர் ஊதியம் பெறும் கலைஞரானார்.

செல்வம் வந்தும் அவர் பழைய தெருவை மறக்கவில்லை. அவரது படங்களே அதற்குச் சாட்சி. 1919இல் அவருடைய முதற் குழந்தை பிறந்து மூன்று நாட்களில் இறந்தது. அதன் பின் அவர் எடுத்த த கிட் 1921இல் வெளிவந்தது. கைவிடப்பட்ட குழந்தையொன்றை நாடோடி வளர்க்கிறான். அநாதை இல்லத்தார் சிறுவனை வாகனத்தில் ஏற்றிச் செல்லும்போது கூரைகளின் மேல் ஓடிச் சென்று அவனை மீட்கிறான். தாயிடமிருந்து பிரிக்கப்பட்ட ஏழு வயதுச் சார்ளியை அறிந்தவர்களுக்கு அது வெறும் கதையாகத் தெரியாது. அந்த 1921ஆம் ஆண்டிலேயே சப்ளின் தம் தாயையும் கலிபோர்னியாவுக்கு அழைத்து வந்து, கடலருகே வீடு எடுத்துக் கொடுத்துத் தாதியரை வைத்துப் பராமரித்தார். 1928இல் இறக்கும் வரை ஹன்னா பசி அறியவில்லை.

1925இன் த கோல்ட் ரஷ் படத்தில் பசி தாங்காத நாடோடி சப்பாத்தை அவித்து, அதன் நூலை நூடில்ஸ் போலச் சுற்றிச் சாப்பிடுகிறான். அந்தச் சப்பாத்து அதிமதுர மிட்டாயால் செய்யப்பட்டது. நாம் சிரிக்கிறோம், ஆனால் பசியை அறிந்த ஒருவரால்தான் அப்படி நடிக்க முடியும். பேசும் படங்கள் வந்த பின்னரும் 1931இல் சிட்டி லைட்ஸ் படத்தை உரையாடலின்றியே எடுத்தார். பார்வையற்ற பூக்காரப் பெண்ணுக்கும் நாடோடிக்குமான அப்படத்தின் இறுதிக் காட்சிக்கு வசனம் தேவைப்படவில்லை. அதே ஆண்டு இலண்டனில் காந்தியைச் சந்தித்து இயந்திரங்கள் பற்றி உரையாடினார். 1932இல் தமது உலகப் பயணத்தில் இலங்கையையும் தரிசித்தார். 1936இன் மொடர்ன் டைம்ஸ் தொழிற்சாலையில் மனிதனே இயந்திரமாவதைக் காட்டியது.

ஹிட்லர் சப்ளினை விட நான்கு நாட்கள் இளையவர். இருவருக்கும் ஒரே மாதிரி மீசை. 1940இல் சொந்தப் பணத்தில் எடுத்த த கிரேட் டிக்டேட்டர் படத்தில், சர்வாதிகாரியாகவும் அவனால் ஒடுக்கப்படும் யூத முடிதிருத்துநராகவும் சப்ளினே நடித்தார். சர்வாதிகாரி உலக உருண்டையைப் பலூனாக்கித் தட்டி விளையாடுவான். இறுதியில் அது வெடித்துவிடும். அதிகார வெறியைப் பற்றி எத்தனை பக்கம் எழுதினாலும் அந்தக் காட்சி சொல்வதற்கு ஈடாகாது.

சப்ளின் குறையற்றவர் அல்லர். மூன்று திருமணங்கள் முறிந்தன. படப்பிடிப்பில் தம்மோடு நடித்தவர்களை ஒரே காட்சிக்காக மீண்டும் மீண்டும் வாட்டியெடுத்தார். நான்காவது மனைவி ஊனாவுடன்தான் அவரது இல்லறம் நிலைத்தது; அவர்களுக்கு எட்டுப் பிள்ளைகள். 1952இல் அவர் இலண்டனுக்குக் கப்பலேறியதும், அரசியல் சந்தேகங்களைக் காட்டி அமெரிக்கா அவரது மீள்நுழைவு அனுமதியை இரத்துச் செய்தது. அவர் சுவிட்சர்லாந்தில் குடியேறினார். இருபது ஆண்டுகளின் பின் 1972இல் கௌரவ ஒஸ்கார் விருது பெற அங்கு சென்றபோது, அரங்கமே எழுந்து நின்று நீண்ட நேரம் கைதட்டியது. 1975இல் பிரித்தானியா அவருக்கு சேர் பட்டம் வழங்கியது. 1977 டிசம்பர் 25ஆம் திகதி தமது 88ஆவது வயதில் காலமானார்.

விடுமுறையில் சப்ளினின் படமொன்றைப் பார்க்க விரும்பும் தோழிகள் த கிட் படத்திலிருந்து தொடங்கலாம். ஏறத்தாழ ஒரு மணித்தியாலம்தான் ஆகும். மொழி தெரிய வேண்டியதில்லை என்பதால் தம்பி தங்கையும் பார்க்கலாம், உம்மம்மாவும் பார்க்கலாம். முடியுமானால் உம்மாவை அருகில் இருத்திக்கொண்டு பாருங்கள். பசித்த வயிற்றோடு யன்னலருகே நடித்துக் காட்டிய ஹன்னா என்ற ஏழைத் தாயின் கலையையே, அவர் மகன் ஊடாக இன்றும் உலகம் பார்த்துச் சிரிக்கிறது.