அடைப்பை அகற்றிய மருத்துவர்

ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் 1939ஆம் ஆண்டு பிறந்தவர் ஆண்ட்ரியாஸ் குரூன்ட்சிக். இதயத் தமனியில் ஏற்படும் அடைப்பை, மார்பைப் பிளக்காமல் நீக்க அவர் விழைந்தார். மெல்லிய குழாயின் நுனியில் சிறு பலூனைப் பொருத்தும் கருவியைத் தம் வீட்டுச் சமையலறையிலேயே உருவாக்கினார். 1977ஆம் ஆண்டு செப்டம்பர் 16ஆம் நாள் சூரிச்சு நகரில், 38 வயது நோயாளி ஒருவரின் தமனிக்குள் அப்பலூனைச் செலுத்தி விரித்தார், அடைப்பு அகன்றது.

புகழ் பெருகிய வேளையிலும் அவர் உண்மையினின்று வழுவவில்லை. முதல் 50 நோயாளிகளுள் 32 பேருக்கே சிகிச்சை பலனளித்ததை 1979இல் வெளிப்படையாக அறிவித்தார். விரிந்த தமனி மீண்டும் சுருங்கக்கூடும் என்பதையும் மறைக்கவில்லை. நோயாளிகளின் பிற்கால உடல்நிலையைத் தொடர்ந்து ஆராய்ந்தார். 1985இல் விமான விபத்தில் உயிர்நீத்தார். ஈராண்டுகளுக்குப் பின் முதல் நோயாளியைச் சோதித்தபோது, அவர் சீரமைத்த தமனி அடைப்பின்றித் திறந்தே இருந்தது.