கறிவேப்பிலையில் வாழும் கொய்னிக்

மாமல்லபுரம் பக்கத்து விவசாயிகள் சிலர் அண்மைக்காலமாக அஷிதாபா பற்றிக் கேட்கிறார்கள். ஜப்பானின் இசு தீவுகளில் வளரும் மூலிகை அது. இன்று இலையைக் கிள்ளினால் நாளை துளிர்க்கும் என்பதால் அந்தப் பெயர். தேநீர், சத்து மாத்திரை, முகப்பூச்சு எனப் பல வடிவில் விற்பனையாகிறது. மிதமான குளிர் விரும்பும் அந்தச் செடிக்கு நம் கடலோரக் கோடை ஒத்துவராது. இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு ஒரு மருத்துவரின் வாழ்க்கை நினைவுக்கு வரும்.

யோகான் கெர்ஹார்ட் கொய்னிக் 1728-ல் பால்டிக் கடலோர நாடான லிவோனியாவில் பிறந்தார். தாவரங்களுக்கு இரட்டைப் பெயரிடும் முறையை நிலைநாட்டிய லின்னேயஸிடம் பயின்றார். அதே ஆசிரியரின் மற்றொரு மாணவரான துன்பெர்க், 1775-ல் ஜப்பான் சென்று அந்நாட்டுச் செடிகளை உலகுக்கு அறிமுகப்படுத்தினார். கொய்னிக் அதற்கு முன்பே, 1768-ல், டேனிஷ் மிஷன் மருத்துவராகத் தரங்கம்பாடியில் வந்து இறங்கியிருந்தார்.

வைத்தியம் பார்த்த நேரம் போக, வேலியோரச் செடிகளையும் விட்டுவைக்காமல் சேகரித்தார். உலர்த்திய மாதிரிகளை ஆசிரியருக்கு அனுப்பினார். நம் வீட்டுக் கொல்லைக் கறிவேப்பிலைக்கு 1771-ல் பெயர் சூட்டிய லின்னேயஸ், அதில் மாணவரின் பெயரையே சேர்த்தார். முராயா கோனிகி என்பதில் உள்ள கோனிகி இவர்தான். தஞ்சைச் சீமைக் கரையான்களைப் பற்றியும் இவர் எழுதிய கட்டுரை 1779-ல் வெளியானது.

1774-ல் ஆற்காடு நவாபிடம் இயற்கை ஆய்வாளராகச் சேர்ந்தார். செங்கல்பட்டுச் சீமை அப்போது நவாபின் குத்தகையில் இருந்தது. கிடைத்த சம்பளம் ஆய்வுப் பயணங்களுக்குப் போதவில்லை. 1778-ல் சென்னையில் இருந்த கிழக்கிந்தியக் கம்பெனியை நாடினார். மருந்துக்கும் வணிகத்துக்கும் உதவும் செடிகளைத் தேடி, கம்பெனி அவரைச் சியாமுக்கும் மலாக்காவுக்கும் அனுப்பியது. 1780-ல் திரும்பினார். 1785-ல் காக்கிநாடா அருகே சீதபேதியால் இறந்தார். கடைசி நாட்களில் உடனிருந்து கவனித்த ராக்ஸ்பர்க், பின்னர் கம்பெனியின் தாவரவியலாளர் பணியில் அமர்ந்தார்.

கடல் கடந்து மூலிகை தேடியவரின் பெயர், நம் கொல்லைச் செடியில்தான் நிலைத்தது. இன்று கறிவேப்பிலைப் பொடியும் தைலமும் உணவு, கூந்தல் பராமரிப்புப் பொருட்களில் சேர்கின்றன. ஆனால் இந்தியக் கறிவேப்பிலையில் பூச்சிமருந்து எச்சம் இருக்கிறதா என்று ஐரோப்பிய நாடுகள் கடுமையாகச் சோதிக்கின்றன. எச்சம் அளவை மீறினால் சரக்கு துறைமுகத்திலேயே நின்றுவிடும்.

எனவே புதிய மூலிகைக்கு முன்பணம் கட்டும் முன் மூன்றைக் கேளுங்கள்: செடியின் தாவரவியல் பெயர் என்ன? நம் மண்ணில் அது விளைந்து பார்த்த இடம் எது? எழுத்தில் கொள்முதல் ஒப்பந்தம் உண்டா? பதில் தெளிவாக இல்லையென்றால், காட்டுப்பாக்கம் வேளாண் அறிவியல் நிலையத்தில் விசாரித்துவிட்டு முடிவெடுங்கள். வடிகால் உள்ள நிலத்தில், மருந்தைக் குறைத்து வளர்த்த கறிவேப்பிலையை நிழலில் உலர்த்திப் பாருங்கள். ஏற்றுமதிக்கான பயிர் நலச் சான்றிதழில் தாவரவியல் பெயர் எழுதும் இடத்தில் கொய்னிக் உங்களுக்காகக் காத்திருக்கிறார்.