பேசாப் படத்தில் ஆடிய பாதங்கள்

திரைக்குக் குரல் வாய்க்காத காலத்தில் நடிப்பு என்பது உடலின் மொழியாகவே இருந்தது. அம்மொழியை இளமையிலேயே முறையாகப் பயின்றிருந்தோர் நடனக் கலைஞர்கள். பிரெஞ்சுப் படத் தயாரிப்பாளர்கள் ஆடலரங்குகளில் நடிகையரைத் தேடியதில் வியப்பில்லை. அவ்வாறு திரைக்கு வந்தவருள் ஒருவர் ஸ்டாசியா நாப்பியர்கோவ்ஸ்கா அம்மையார்.

1891இல் பாரிஸில் பிறந்த இவரது பெயர் போலந்து வழிவந்தது. பாரிஸின் ஒப்பேரா கோமிக் அரங்கில் பாலே ஆடிப் புகழ்பெற்றபின், 1908 முதல் படங்களில் தோன்றலானார். நகைச்சுவை மன்னர் மாக்ஸ் லிண்டருடன் குறும்படங்கள் சிலவற்றில் நடித்தார். 1911இல் விக்தோர் ஹியூகோவின் புதினத்தைத் தழுவி அல்பேர் கப்பெல்லானி இயக்கிய 'நோத்ர்தாம் தெ பாரி' படத்தில் எஸ்மெரால்டா என்னும் ஆடல்மகளானார்.

1913இல் நியூயார்க் சென்றபோது அவரது ஆடல் ஒழுக்கக் கேடானது எனக் கூறி அவரைக் கைது செய்தனர். பாரிஸில் கலையெனப் போற்றப்பட்டது கடல் கடந்ததும் குற்றமாயிற்று! உலகப் போர்க் காலத்தில் லூயி ஃபெய்யாத் எடுத்த 'லே வாம்பீர்' தொடர்படத்தில், வௌவால் உடையில் மேடையில் ஆடிக்கொண்டிருக்கும்போதே மோதிர நஞ்சால் மடியும் நடனமாதாக வந்தார். 1917இல் தாமே ஒரு படத்தை இயக்கியும் இருக்கிறார். பெண்டிர் படம் இயக்குவது மிக அரிதாயிருந்த அந்நாளில் இது சிறிய செயலன்று.

அவரைப் பலரும் நினைவில் வைத்திருப்பது 1921இல் வெளிவந்த 'லத்லாந்தீது' படத்திற்காகவே. பியேர் பெனுவாவின் புதினம். இயக்கியவர் ழாக் ஃபெய்தெர். சஹாராவின் ஹொக்கார் மலையில் மறைந்து வாழும் அரசி அந்தினேயா, வழிதவறி வரும் பிரெஞ்சு அதிகாரிகளைக் காதலால் மாய்க்கிறாள் என்பது கதை. அல்ஜீரியா அப்போது பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. 1962இல்தான் விடுதலை பெற்றது. துவாரெக் முஸ்லிம்களின் தாயகத்தைப் பாரிஸ் ஒரு கனவுக்காட்சியாகவே கண்டது என்பதற்கு இக்கதையே சான்று. எனினும் ஃபெய்தெர் அட்டை மணல்மேடுகளை நம்பாமல் குழுவினரை அல்ஜீரியாவிற்கே அழைத்துச் சென்று மாதக்கணக்கில் படம்பிடித்தார்.

அங்கேதான் அம்மையாருக்குச் சோதனை வந்தது. படப்பிடிப்பு தொடங்குகையில் அவர் உடல் பருத்திருந்தது இயக்குநருக்குப் பெருங்குறையாகப்பட்டது. அரியணையில் வீற்றிருக்கும் அரசி வேடத்தில் ஆடலுக்கு அதிக இடமுமில்லை. கால்களால் பேசியவரை அமரவைத்துவிட்டு மெலிவை எதிர்பார்த்தது எவ்வகை நீதியோ! படம் பெருவெற்றி பெற்றது. ஆயின் திறனாய்வாளர் பலர் அரசியைவிடப் பாலைவனத்தையே பாராட்டினர்.

1926க்குப் பின் அவர் திரையில் தோன்றவில்லை. ஐரோப்பாவில் போர் ஓய்ந்து மூன்றே நாள்களான 1945 மே 11 அன்று பாரிஸில் காலமானார். வௌவாற் சிறகை விரித்து அவர் ஆடும் அச்சில நிமிடங்கள் அழியாமல் இன்றும் காணக் கிடைக்கின்றன.